முதலில் ஆறு, அப்புறம் தொதல்: பெந்தோட்டையில் ஒரு நாள்

கொழும்பில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் வந்து இறங்கினால் முதல் கிழமை சந்தோசம், இரண்டாம் கிழமை தலையிடி. காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை சாப்பிட்டாயிற்று, கங்காராமை பார்த்தாயிற்று, செட்டியார் தெருவில் நகை பார்த்தாயிற்று, இனி எங்கே என்று பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பார்கள். டொரொன்டோவில் இருந்து வந்த எங்கள் மச்சாள் ஒருபடி மேலே போய், ஐரோப்பாவில் ரைன் ஆற்றில் படகில் போய்க்கொண்டே கேக்கும் சொக்லேட்டும் ருசி பார்த்த கதையைச் சொல்லி, "இஞ்ச அப்பிடி ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டு வைத்தாள். இல்லாமல் என்ன. ஆறும் இருக்கு, இனிப்பும் இருக்கு. இரண்டையும் நாங்களே கோர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நான் அப்படிக் கோர்த்தது கொழும்புக்குத் தெற்கே இருக்கிற பெந்தோட்டை ஆறும் அளுத்கமப் பக்கத்து இனிப்பும். வேறு இடமும் யோசிக்காமல் இல்லை. பேர வாவியில் அன்னப் படகு மிதிக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கு அது போதும், ஆனால் தண்ணீரின் மணம் இனிப்பை வாயில் வைக்க விடாது. முத்துராஜவெலவில் ஹமில்டன் கால்வாய் வழியாகச் சதுப்புநிலத்துக்குள் படகில் போவது பறவை பார்க்கிறவர்களுக்கு அருமையான இடம். அந்தக் கால்வாய் 1800களின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் வெட்டியது. ஆனால் இறங்கிய இடத்தில் இனிப்புக்கென்று ஒன்றும் இல்லை, நீர்கொழும்புக்கு வேறாகப் போக வேண்டும். பொல்கொட வாவி கிட்டத்தான், பாணந்துறைப் பக்கம், அங்கே படகு எடுப்பதென்றால் பெரும்பாலும் ஹோட்டல் கணக்கு. பெந்தோட்டையில்தான் ஆற்றங்கரையில் இருந்து ஓட்டோவில் கொஞ்ச நேரத்தில் சிங்களப் பலகாரம் சுடுகிற வீட்டுக்கும் முஸ்லிம் இனிப்புக் கடைக்கும் போய்விடலாம். அளுத்கம, தர்கா நகர், பேருவளை எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கிற ஊர்கள். அங்கே தமிழில் கதைத்தே காரியம் பார்க்கலாம் என்பது எங்களுக்கு இன்னொரு வசதி.

படகுக்குள்ளேயே இனிப்புத் தட்டு தருகிற ஏற்பாடும் இருக்கிறது. ஓரிடத்தில் விசாரித்தபோது அவர்கள் காட்டிய தட்டைப் பார்த்தேன்: பிளாஸ்டிக் தாள் சுற்றி, உள்ளே வேர்த்துப்போய், தொதலும் (தேங்காய்ப்பாலில் கிண்டிய கறுப்பு இனிப்பு) மஸ்கட்டும் (கோதுமைப் பாலில் கிண்டிய அல்வா மாதிரி) ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் கடையில் வாங்கிய கேக் துண்டு. விலை மட்டும் ஆளுக்கு ஆள் தனித்தனி. எனக்கு அது சரிவரவில்லை. ஆற்றுக்கு ஏற்ற நேரம் விடிகாலை, வெயில் ஏறுமுன். இனிப்புக்கு ஏற்ற நேரம் எண்ணெய்த் தாச்சி அடுப்பில் இருக்கும் நேரம், அது பத்து மணிக்குப் பிறகு. இரண்டையும் ஒரே மணித்தியாலத்துக்குள் திணித்தால் இரண்டும் பாதிதான் கிடைக்கும். அதோடு, வெறுவயிற்றில் இனிப்பை ஏற்றிக்கொண்டு படகில் ஆடினால் பிள்ளைகளுக்குக் குமட்டும். ஆகவே முதலில் ஆறு, இறங்கி வந்து முகம் கழுவி, அப்புறம் இனிப்பு.

போவதற்கு ரயில்தான் என் முதல் தெரிவு. வெள்ளவத்தையில் மெதுவான ரயில் நிற்கும், அளுத்கம வரைக்கும் போகிறதைப் பார்த்து ஏறுங்கள். போகும்போது வலது கைப் பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம். வார நாளில் காலையில் எல்லாச் சனமும் கொழும்புக்குள் வேலைக்கு வருகிற நேரம் நாங்கள் எதிர்ப்பக்கம் போகிறோம், அதனால் இருக்க இடம் கிடைக்கும். ஞாயிறு பின்னேரம் திரும்பி வருவது மட்டும் பாடு, நின்றுகொண்டே வர வேண்டியிருக்கும். மொறட்டுவை, பாணந்துறை தாண்டி வாதுவைப் பக்கம் போனால் தென்னை மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருப்பது தெரியும். கள்ளுச் சீவுகிறவர்கள் அந்தக் கயிற்றில் நடந்தே மரம் மாறுவார்கள், பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். களுத்துறையில் ஆற்றுப் பாலம் வரும்போது வெள்ளைத் தாதுகோபம் தெரியும், உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய, உள்ளீடற்ற தாதுகோபம் அது. இதெல்லாம் ரயில் டிக்கெட் காசுக்குள்ளேயே வருகிறது.

மாமி மாதிரி முழங்கால் வருத்தக்காரர் இருந்தால் வான் பிடியுங்கள். காலி வீதியால் போகாதீர்கள், மொறட்டுவையிலேயே அரை நாள் போய்விடும். தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி வெலிப்பென்னையில் இறங்கினால் அளுத்கம கிட்ட.

படகுக்காரரிடம் கதைக்கும்போது மூன்று விசயம் முதலே தெளிவாகக் கேளுங்கள். காசு படகுக்கா, ஆளுக்கா? எவ்வளவு நேரம்? உயிர்காப்பு அங்கி எல்லாருக்கும் இருக்கா, சின்னப் பிள்ளை அளவிலும் இருக்கா? பாலத்தடியில் நிற்கிறவர் ஒரு விலை சொல்லுவார், ஓட்டோக்காரர் கூட்டிப்போனால் அவருடைய பங்கும் அதில் ஏறும். நான் நேரே கரைக்குப் போய், எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "மல்லி, படகு முழுதுக்கும் எவ்வளவு" என்று கேட்டு, இன்னொருவரிடமும் கேட்டு, பிறகுதான் ஏறினேன். பின்னுக்கு எஞ்சின் பூட்டி, மேலே கூடாரம் போட்ட, கதிரை வைத்த படகு அது. "மெல்லமாப் போங்கோ, கண்டலுக்குள்ள போனதும் எஞ்சினை நிப்பாட்டுங்கோ" என்று ஏறும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவர் பாட்டுக்கு விரட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார், அவருக்கு அடுத்த சவாரி முக்கியம்.

பெந்தோட்டை ஆறுதான் அந்த இடத்தில் மேல் மாகாணத்துக்கும் தென் மாகாணத்துக்கும் எல்லை. வடகரை அளுத்கம, களுத்துறை மாவட்டம். தென்கரை பெந்தோட்டை, காலி மாவட்டம். "இப்ப நாங்கள் எந்த மாகாணத்தில?" என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டே போகலாம். முகத்துவாரப் பக்கம் ஒன்பது மணி தாண்டினால் நீர் விளையாட்டுக்காரர்கள் வந்துவிடுவார்கள், தண்ணீர் ஸ்கூட்டர் உறுமுகிற சத்தத்தில் ஒரு பறவை மிஞ்சாது. அதனால்தான் ஏழு மணிக்கே ஏறிவிட வேண்டும், ஏறியதும் கடல் பக்கம் போகாமல் மேலே, உள்நாட்டுப் பக்கம் விடச் சொல்ல வேண்டும். கொஞ்சத் தூரத்தில் ஹோட்டல்கள் முடிந்து கண்டல் மரங்கள் இரண்டு பக்கமும் வேரை ஊன்றிக்கொண்டு நிற்கும். எஞ்சின் நின்றதும் முதலில் கேட்டது வேருக்குள் தண்ணீர் களக் களக் என்று அடிக்கிற சத்தம். ஒரு கபரகொய்யா, அதுதான் பெரிய நீருடும்பு, நாங்கள் பார்க்கப் பார்க்கக் கரையில் இருந்து இறங்கி, தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு நீந்திப் போனது. நீர்க்காகம் செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டு இருந்தது. மீன்கொத்தி நீலமாய் ஒரு கீற்று, கமராவை எடுக்குமுன் போய்விட்டது.

முதலையும் உண்டு, கையைத் தண்ணீருக்குள் தொங்கப் போடாதீர்கள். இந்தப் பக்கத்து ஆறுகளில் சில இடங்களில் குட்டி முதலையைப் பிடித்து வைத்துக்கொண்டு கையில் தந்து படம் எடுக்கச் சொல்லிக் காசு கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள்தான், அதற்கும் வேண்டாம்.

படகில் ஒன்றுமே சாப்பிடக்கூடாதா என்றால், அப்படியில்லை. ஒரு சின்னப் பெட்டி கொண்டுபோகலாம், காய்ந்த பலகாரமாக இருக்க வேண்டும், கையில் ஒட்டாததாக இருக்க வேண்டும். நான் வெள்ளவத்தையில் முதல் நாளே பயத்தம் பணியாரம் வாங்கி வைத்திருந்தேன். ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையில் முங் கெவும் என்கிற சிங்களப் பலகாரமும் வாங்கினேன். இரண்டையும் அருகருகே வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். இரண்டிலும் உள்ளே வறுத்த பயற்றம் மா, இரண்டையும் மாவில் தோய்த்து எண்ணெயில் போடுகிறார்கள். எங்களுடையது உருண்டை, சீனியும் தேங்காய்ப்பூவும். அவர்களுடையது சாய்சதுரமாய் வெட்டிய துண்டு, பாணி என்கிற பாகு போட்டது. படகோட்டித் தம்பிக்கும் ஒரு பணியாரம் கொடுத்தோம். அவர் கடித்துப் பார்த்து, "இது எங்கட முங் கெவும்தானே அக்கே, ஏன் உருண்டையாச் செய்திருக்கிறீங்க" என்று சிங்களத்தில் கேட்டார். மச்சாளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

பெட்டியோடு ஒரு பிளாஸ்க்கில் சீனி போடாத பிளேன்ரீ, ஈரத் துடைப்பான், வெற்றுப் பை. குப்பையெல்லாம் அந்தப் பைக்குள். தாளோ போத்தலோ தண்ணீருக்குள் போனால் நேரே கண்டல் வேரில் போய்ச் சிக்கும், ஏற்கெனவே சிக்கியிருப்பது போதும்.

சரி, கரைக்கு வந்தாயிற்று. இனி இனிப்பு.

கொண்டை கெவும் சுடுவதைப் பார்க்காமல் சாப்பிட்டால் அது வெறும் எண்ணெய்ப் பலகாரம். பார்த்துவிட்டுச் சாப்பிட்டால் மரியாதை வரும். அளுத்கமவில் வீட்டு முன் திண்ணையில் அடுப்பு வைத்துச் சுட்டு விற்கிற ஒரு அம்மாவிடம் போனோம். பச்சரிசியை ஊறவைத்து இடித்து அரித்த மா, அதில் பாணி விட்டு நன்றாகக் கரைத்து ஊற வைத்திருக்கிறார். தாச்சியில் தேங்காய் எண்ணெய். ஒரு அகப்பை மாவை ஊற்றியதும் அது தட்டையாய்ப் பரவுகிறது. உடனே ஒரு ஈர்க்கை நடுவில் குத்தி, மெல்லச் சுழற்றிக்கொண்டே மற்றக் கையால் கொதி எண்ணெயைக் கரண்டியில் அள்ளி நடுவில் ஊற்றிக்கொண்டே இருக்கிறார். ஊற்ற ஊற்ற நடுப்பகுதி மேலே எழும்பி, ஈர்க்கைச் சுற்றிக் கொண்டை கட்டுகிறது. கை நின்றால் கொண்டை விழுந்துவிடும். அந்த அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே மாமியோடு விலைவாசி கதைத்துக்கொண்டிருந்தார், கை மட்டும் தன்பாட்டுக்குச் சுழன்றது. சுடச்சுடச் சாப்பிடாதீர்கள், அப்போது எண்ணெய்தான் தெரியும். ஆறி, எண்ணெய் வடிந்த பிறகுதான் வெளிப்பக்கம் மொறுமொறுப்பாயும் உள்ளே மெத்தென்றும் வரும். கோழிக்கூட்டு வாழைப்பழத்தோடு சாப்பிடுவது சிங்களவர் வழக்கம். பழம் வாயை ஆற்றுகிறது, எண்ணெயும் திகட்டாது.

அங்கேயே கொக்கிஸும் ஆஸ்மியும் இருந்தன. கொக்கிஸ் எங்கள் அச்சுமுறுக்கின் உறவுதான், அரிசிமாவும் தேங்காய்ப்பாலும். ஆஸ்மி வேறு மாதிரி. ஒரு இலையை இடித்து எடுத்த வழுவழுப்பான சாற்றைத் தேங்காய்ப்பாலிலும் அரிசிமாவிலும் கலந்து, துளையுள்ள பாத்திரத்தால் எண்ணெயில் நூல் நூலாய் விட்டு மடித்து எடுப்பார்கள், மேலே இளஞ்சிவப்புப் பாகு. தவுல் குருந்து என்பது அந்த இலையின் பெயர். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இதுதான் மிகவும் பிடித்தது, நிறத்துக்காக. உளுந்து மாவில் சுட்டு உள்ளே கித்துள் பனையின் பாணி ஏற்றிய உந்து வளலு கிடைத்தால் விடாதீர்கள். பார்ப்பதற்கு ஜாங்கிரி, கடித்தால் பாணி நாடியில் வழியும்.

ருசி பார்க்கிற ஒழுங்கு முக்கியம். லேசானதில் தொடங்கிக் கனமானதில் முடிக்க வேண்டும்: கொக்கிஸ், முங் கெவும், கொண்டை கெவும், பிறகு தொதல், மஸ்கட், கடைசியில் வட்டிலப்பம். மாற்றி வட்டிலப்பத்தில் தொடங்கினால் அதற்குப் பிறகு வாய்க்கு எதுவும் ஏறாது. ஆளுக்கு ஒன்று வாங்காதீர்கள். ஐந்து பேர் என்றால் ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்கி வெட்டிப் பகிருங்கள். இடையில் கச்சான் அல்லது காரமான முறுக்கு கொஞ்சம் கொறித்தால் நாக்கு திரும்பவும் தயாராகும். மச்சாள் இதை இனிப்பில்லாத பிளேன்ரீயோடு சேர்த்துச் செய்தபோது "அங்க வைன் ருசி பாக்கிறது போல இருக்கு" என்றாள். அவளுக்கு எல்லாம் அங்கேதான்.

முஸ்லிம் இனிப்புக்கு ஓட்டோவில் தர்கா நகர்ப் பக்கம் போனோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் கடை பூட்டியிருக்கும், நோன்பு மாதத்தில் பகலில் போவதில் பலனில்லை, இதை முதலே பார்த்துக்கொள்ளுங்கள். கடை நானா ஒரு தட்டத்தில் சிவப்பு மஸ்கட்டைக் கத்தியால் கோடு போட்டு வெட்டிக்கொண்டிருந்தார். எப்படிச் செய்வது என்று கேட்டேன். "கோதுமை மாவைப் பிசைஞ்சு, தண்ணியில கழுவிக் கழுவிப் பால் எடுக்கணும் தங்கச்சி. ராவைக்கு வச்சா தெளிஞ்சிரும். மேல் தண்ணியை ஊத்திட்டு அடியில நிக்கிறதைத்தான் சீனியும் நெய்யும் போட்டுக் கிண்டுறது" என்றார். கஜு நிறையப் போட்டிருந்தது. நல்ல மஸ்கட் விரலால் அழுத்தினால் திரும்ப எழும்பும், பல்லில் ஒட்டாது. தொதலுக்கு வேறு சோதனை: கையில் எடுத்தால் எண்ணெய் மினுங்க வேண்டும், ஆனால் சொட்டக்கூடாது. அரிசிமா, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் மணிக்கணக்கில் கிண்டினால்தான் அந்தப் பதம் வரும். அவசரத்துக்குச் சீனியில் கிண்டியதை நிறத்திலேயே கண்டுபிடித்துவிடலாம், கறுப்பு இல்லாமல் மண்ணிறமாய் இருக்கும்.

வட்டிலப்பம் முதல் நாளே சொல்லி வைத்தால்தான் நல்லது கிடைக்கும். முட்டை, கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், ஏலக்காய் போட்டு ஆவியில் அவிக்கிறது. நானாவின் வீட்டு ராத்தா செய்கிறார் என்று கேள்விப்பட்டு முதல் நாள் போனில் சொல்லிவிட்டிருந்தேன். குளிரவைத்து எடுத்து வந்தார். ஓட்டை ஓட்டையாய், கரண்டி போட்டதும் பாணி ஊறி வருகிற வட்டிலப்பம். நல்ல கித்துளில் ஒரு லேசான புகை மணம் இருக்கும், அது இதில் இருந்தது. ஐந்து பேரும் ஒரே கிண்ணத்தில் இருந்து எடுத்தோம்.

மாமிக்குச் சீனி வருத்தம். அவவைக் கூட்டிப்போய் இந்த ருசிபார்ப்பில் உட்கார வைப்பது நியாயமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார்தான். கித்துள் என்றால் பரவாயில்லை என்று கடைகளில் சொல்லுவார்கள். மாமியே அதற்குப் பதில் வைத்திருந்தா: "கித்துளும் இனிப்புத்தானே பிள்ளை, ஆருக்குக் கதை விடுறியள்." அவவுக்கு முதலே காலைச் சாப்பாடு ஒழுங்காகக் கொடுத்து, குளிசையும் கொடுத்து, ஒவ்வொன்றிலும் நகத்தளவு மட்டும் என்று பேசிக்கொண்டோம். மத்தியானச் சோற்றுப் பார்சலில் பாதியைக் குறைத்துக்கொண்டா. அப்படிக் கூட்டிப்போவதென்றால் முதலே வைத்தியரிடம் கேளுங்கள், இன்சுலின் போடுகிறவர் என்றால் கட்டாயம் கேளுங்கள். வீட்டில் விட்டுவிட்டுப் போவதைவிட இது நல்லது என்பது என் எண்ணம், ஏனென்றால் கெவுமை எப்படிச் சுட வேண்டும் என்பதில் எங்களை விட அவவுக்குத்தான் கருத்து அதிகம்.

எந்த மாதம் என்று கேட்டால், டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரைக்கும். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, ஆறு மண்ணிறமாய் ஓடும், படகுக்காரர் போகலாம் என்றாலும் நான் பிள்ளைகளோடு ஏறமாட்டேன். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி மின்னல், காலையில் போய் வந்துவிடலாம். இனிப்புக்கு மட்டும் பார்த்தால் சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய கிழமைக்கு ஈடில்லை, அப்போது ஒவ்வொரு வீட்டிலும் தாச்சி ஏறியிருக்கும். ஆனால் ஏப்ரல் 13, 14ஐத் தொட்டால் கடை, படகு, ஓட்டோ எல்லாம் ஊருக்குப் போய்விடும். போயா நாளில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், ஆற்றுக்குப் போகாதீர்கள், சனம் தாங்காது.

வீட்டுக்குக் கொண்டுவருகிறதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கொக்கிஸை மேலே வையுங்கள், நொறுங்கிப்போகும். கெவுமைக் காற்றுப் புகாத பெட்டியில் வெளியிலேயே வைக்கலாம், பிரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும். தொதலும் அப்படித்தான், ஆனால் வெள்ளவத்தை வெக்கைக்கு நாலைந்து நாளில் பூஞ்சை வரலாம், அதனால் பிரிட்ஜில் வைத்துச் சாப்பிடுவதற்கு அரை மணித்தியாலம் முன்பு வெளியில் எடுத்து வையுங்கள். வட்டிலப்பத்தை ரயிலில் கொண்டுவர நினைக்கவே வேண்டாம், அங்கேயே முடித்துவிடுங்கள். மச்சாள் கனடாவுக்குக் கொண்டுபோக மஸ்கட் இரண்டு கிலோ வாங்கினாள். அதில் ஒன்றரை கிலோ கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகுமுன்பே இங்கே முடிந்துவிட்டது, மீதியை மாமி கண்ணில் படாமல் ஒளித்து அனுப்பினோம்.